நாட்றாம்பாளையத்தில் இறங்கிப்போன பை

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மத்திகிரியில் என் மகள் வித்யாவின் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். முதுகில் ஒரு பை, கக்கத்தில் என் பழைய கைப்பை. அவ்வளவுதான். இதிலென்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு என்னைத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனால்கூட நான்கு உருப்படி இல்லாமல் நான் படி இறங்கியதில்லை. போர்வை, ஃப்ளாஸ்க், ஊறுகாய், மழை வந்தால் குடை, குடை உடைந்தால் இன்னொரு குடை. என் கணவர் என்னோடு வெளியூர் வருவதையே நிறுத்திவிட்டார். "நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கறேன். வீட்டுல ஏதாவது மிச்சம் வெச்சிட்டுப் போனா" என்பார். குசும்பு.

இந்தத் தடவை வித்யா பந்தயமே கட்டிவிட்டாள். "அஞ்செட்டிக் காட்டு வழியா ஒகேனக்கல் போகணும்னு மூணு வருஷமா சொல்றே. போ. ஆனா இந்த ஒரு பைல அடங்கறதை மட்டும் எடுத்துட்டுப் போ. இல்லேன்னா பேசாம வீட்டுல உக்காந்து டிவி பாரு" என்று தன் அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்துப் போட்டாள். கருநீலப் பை, ஆரஞ்சு நிற ஜிப். போன ஆயுத பூஜைக்கு அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கொடுத்தது. ஆபீஸில் இருப்பவர்களுக்கும், மெஷினில் நிற்பவர்களுக்கும், கேன்டீன்காரர்களுக்கும் ஒரே பை.

புடவை, பாவாடை, ரவிக்கை என்று நான் அடுக்கியதும் பாதிப் பை போய்விட்டது. வித்யா அத்தனையையும் வெளியே எடுத்தாள். பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் போட்ட தன் மஞ்சள் சுடிதாரை மடித்து உள்ளே வைத்தாள். "அருவியில நனைஞ்சா புடவை காயவே காயாதும்மா. இது அரை மணி நேரத்துல காஞ்சிடும்."

ஐம்பத்தெட்டு வயதில் சுடிதாரா என்று ஒரு பாட்டம் சண்டை போட்டேன். பிறகு, ஒகேனக்கல்லில் என்னை யாருக்குத் தெரியப் போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு சுடிதார், ஒரு நைட்டி, ஒரு துண்டு, பல் துலக்கும் சாமான். பையைத் தூக்கினால் காற்றைத் தூக்குவதுபோல இருந்தது. மாத்திரை, கண்ணாடி, போன், பணம் எல்லாம் எப்போதும்போல என் கைப்பையில். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

*

காலை ஒன்பது மணி, ஓசூர் பேருந்து நிலையம். அஞ்செட்டிப் பேருந்து மத்திகிரி வழியாகத்தான் போகும்; அங்கேயே ஏறலாம். ஆனால் உட்கார இடம் கிடைக்காது என்று வித்யா ஆட்டோவில் ஏற்றி ஓசூருக்கே அனுப்பியிருந்தாள். பேருந்து நிலையத்தில் கால் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிய பக்கமெல்லாம் என் பை. நைட் ஷிஃப்ட் முடிந்து சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் பையன்கள், பெண்கள், முதுகுக்கு முதுகு கருநீலம், ஆரஞ்சு ஜிப். சேலம் பஸ்ஸில் நான்கு, தர்மபுரி பஸ்ஸில் ஏழெட்டு. ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா கிளம்பியதுபோல இருந்தது. எனக்கும் சட்டென்று ஒரு வேலையும் ஒரு ஷிஃப்ட்டும் கிடைத்துவிட்டதுபோல நிமிர்ந்து நின்றேன்.

ஒகேனக்கல் பேருந்து ரிவர்ஸில் உள்ளே நுழைந்தது. அது நிற்பதற்குள் கூட்டம் அதன் மேல் பாய்ந்தது. துண்டு, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில் என்று ஜன்னல் வழியாக மழைபோல விழுந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், இருபத்துநாலு வயதிருக்கும், ஒரு கருநீலப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"அம்மா, ஒகேனக்கலுக்கா? பையக் கழட்டிக் குடுங்க, நான் எடம் போட்டுர்றேன். நீங்க வெரசா படிக்கட்டுப் பக்கம் போங்க."

ராமநாதபுரத்துப் பேச்சு. நான் பையைக் கொடுத்தேன். அவள் எம்பி, முதலில் என் பையை ஜன்னலோர இருக்கையில் வீசினாள். பிறகுதான் நெஞ்சில் இருந்த பையை மெதுவாக உள்ளே இறக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஒன்றை வீசுகிறாள், இன்னொன்றை இறக்குகிறாள் என்பதை அப்போதே கவனித்தேன். ஏனென்று அப்போது தெரியவில்லை.

நான் முட்டிமோதி ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் அந்தப் பெண்ணோடு வந்த பையன். கண்கள் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன. இரண்டு பையையும் எடுத்து மேலே கம்பித்தட்டில் வைத்தான். "உக்காருங்கம்மா, காலுக்கு எடம் வேணும்ல" என்றான்.

பேருந்து நகர்ந்தது. அந்தப் பெண் கையசைக்கவில்லை. போனைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டே, நிலையத்து வாசல்வரை பேருந்துக்கு இணையாக நடந்து வந்தாள். அண்ணன் தங்கை இல்லை என்று கண்டுபிடிக்க ஐ.பி.எஸ். படித்திருக்க வேண்டியதில்லை.

"யாருப்பா தம்பி அந்தப் பொண்ணு?"

"கூட வேலை செய்யறவங்கம்மா."

"கூட வேலை செய்யறவங்க எல்லாரும் வாசல்வரைக்கும் வருவாங்களா?"

அவன் சிரித்துவிட்டான். பெயர் மாதேஷ். நாட்றாம்பாளையத்துக்காரன். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அக்கா லட்சுமிதான் வளர்த்தாளாம். அக்கா மகளுக்கு மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கம்மல், பட்டுப்பாவாடை எல்லாம் மாமன் சீராக இவன் கொண்டுபோக வேண்டும். "எல்லாம் பைல இருக்கும்மா" என்று மேலே பார்த்தான்.

"அக்காவுக்கு அந்தப் பொண்ணு விஷயம் தெரியுமா?"

"இல்லம்மா. அஞ்செட்டிப் பக்கம் ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க. நாளைக்கு அவங்க அப்பாவும் வராரு, தட்டு மாத்தலாம்னு. நான் எப்படிச் சொல்றது..." என்றவன் அப்படியே கண்ணை மூடினான். தேன்கனிக்கோட்டை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து, லேசாகக் குறட்டைவிட்டான். ராத்திரி முழுக்க மெஷினில் நின்ற பையன். தள்ளிவிட மனம் வரவில்லை.

*

பத்தேகால் மணிக்குத் தேன்கனிக்கோட்டை. அதுவரை வழியெல்லாம் வெள்ளை நைலான் கூரை போட்ட பசுமைக்குடில்கள். உள்ளே ரோஜா, குடைமிளகாய். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு. வெயில் குறைந்து, காற்று மாறி, பேருந்தே குரலைத் தாழ்த்திக்கொண்டது. யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேழ்வரகுக் கொல்லைகளின் நடுவே மரத்தின் மேல் பரண் கட்டியிருந்தார்கள், ராத்திரி யானைக்குக் காவல் இருக்க. ஒரு பரணில் அரிக்கேன் விளக்கும் ஒரு தட்டும் மட்டும் தொங்கின. ஒரு ராத்திரியைக் கழிக்க இவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

கண்டக்டர் பெரிய ஆள். டெய்லர் கடைக்காரர்போலப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முன் இருக்கையில் கன்னடம், நடுவில் தெலுங்கு, பின்னால் தமிழ் என்று மூன்று பாஷையிலும் ஒரே மாதிரி அதட்டினார். அஞ்செட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். ஒரு டீ, இரண்டு வடை, முப்பது ரூபாய். வடை அருமை. மாதேஷ் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டரை இருக்கும். "நாட்றாம்பாளையம், நாட்றாம்பாளையம்! ஏப்பா, எழுந்திருப்பா!" என்று கண்டக்டர் அவன் தொடையில் தட்டினார். அவன் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து, தட்டிலிருந்து ஒரு பையை இழுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று இறங்கினான். தூக்கத்திலேயே நடந்து போனான். பேருந்து வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. நான் ஜன்னல் வழியாக மலையை ரசித்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

*

ஒன்றரை மணி, ஒகேனக்கல். காவிரி பாறைகளுக்கு நடுவே விழும் சத்தம் பேருந்து நிலையத்துக்கே கேட்டது. எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், மீன் வறுக்கிறவர்கள், பரிசல்காரர்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்தார்கள். ஆனால் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத ஒருத்தியிடம் யாரும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்தேன். மூட்டு வலி என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோயிற்று. பந்தயத்தில் வித்யாதான் ஜெயித்தாள் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். அப்படியே ஒரு விடுதிக்குப் போய், அறைக்குச் சொல்லும் முன் சுடிதாரை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஜிப்பைத் திறந்தேன்.

பையின் வாயில் ஒரு தலையணை உறை, அதற்குள் சின்னஞ்சிறு பட்டுப்பாவாடை ஒன்று தெரிந்தது. அதன் அடியில் ஒரு நகைக்கடை டப்பா.

மேற்கொண்டு எதையும் தொடாமல் ஜிப்பை மூடினேன். தங்கம்! நாளைக் காலையில் ஒரு குழந்தையின் காதில் ஏற வேண்டிய தங்கம் என் மடியில் இருக்கிறது. அந்தப் பையனிடம் போன் நம்பர் கேட்கவில்லை. அவன் அக்கா முன்னால் வெறுங்கையோடு நிற்பான். சீர் கொண்டுவராத தாய்மாமனை ஊர் என்ன பேசும்? என்னைத் திருடி என்று நினைத்தால்? அழுகை வந்தது. அழுது ஆகப்போவது என்ன என்று முகம் கழுவிக்கொண்டு, அறை எடுக்காமலேயே பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். ஆம், ஓடினேன்.

கண்டக்டர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவாமலே எழுந்தார். "காதுகுத்து வீட்டுப் பையா? அடக் கடவுளே! பயப்படாதீங்கம்மா. மூணு மணிக்குத் திரும்பற வண்டி இதுதான். வீட்டு வாசல்லயே எறக்கிவிடறேன். அதுவரைக்கும் பையை மட்டும் கீழ வெக்காதீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தப் பெண் காலையில் ஏன் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள் என்று. திரும்பும் வழியெல்லாம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்த அதே மலை, அதே காடு. ஒன்றும் கண்ணில் படவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ மூட்டை சுமந்திருக்கிறேன், இந்தப் பையைப்போலக் கனத்தது ஒன்றும் இல்லை.

*

நான்கு மணிக்குக் கண்டக்டர் சொன்னபடியே, நிறுத்தம் தாண்டி, வாழைமரம் கட்டிய ஒரு வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். ஊர்க்கோடியில் கொல்லையை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் பந்தல். மைக் செட்காரர்கூட இருந்தார். ஆனால் பாட்டு இல்லை. விருந்தாளிகள் நாலைந்து நாலைந்து பேராகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் மாதேஷ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, பை மாறிடுச்சுப்பா!" என்று கத்திக்கொண்டே போனேன்.

அத்தனை தலையும் திரும்பியது. உள்ளேயிருந்து, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது. அவள்தான் லட்சுமி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையில் என் மஞ்சள் சுடிதார்.

"அப்ப... இது?"

"என்னுதும்மா. பேருந்துல பக்கத்துல உக்காந்து வந்தேன். ரெண்டும் ஒரே பை. உங்க சீர் இதோ இருக்கு, எல்லாம் பத்திரமா இருக்கு, பாத்துக்க."

லட்சுமி சுடிதாரைப் பார்த்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். என் உடம்பு வாட்டசாட்டமானது. நரைத்த தலை, காதில் எட்டுக்கல் தோடு. பந்தலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பற்றிக்கொண்டது. மைக் செட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாதேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா" என்றான்.

நடந்ததை லட்சுமியின் புருஷன் முனிராஜ்தான் எனக்குச் சொன்னார். மாதேஷ் வந்ததும் வராததுமாகப் படுத்துத் தூங்கிவிட்டான். இந்த ஊர் வழக்கப்படி மாமன் சீரைத் தட்டில் பரப்பி, வந்த உறவுக்கெல்லாம் காட்ட வேண்டும். லட்சுமி பெருமையோடு எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டை வைத்து, பையைத் திறந்து கையை விட்டிருக்கிறாள். முதலில் வந்தது சுடிதார். அப்புறம் நைட்டி.

கல்யாணம் ஆகாத பையனின் பையில்! பெரியப்பா ஒருவர் அவனை உலுக்கி எழுப்பி, "யாருதுடா இது?" என்று கேட்டிருக்கிறார். காலையில் ஓசூரில் இவன் டீ குடிக்கப் போனபோது இவன் பை அந்தப் பெண்ணிடம் இருந்தது. அவளிடமும் அதே ஆயுத பூஜைப் பை உண்டு. அவள்தான் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று இவன் நினைத்துவிட்டான்.

"செல்வியோடது" என்றிருக்கிறான், தூக்கக் கலக்கத்தில்.

"யாரு செல்வி?" என்று லட்சுமி கேட்டிருக்கிறாள். அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. சீர்த் தங்கத்தை எவளோ ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறானே, அவள் இந்நேரம் எந்த ஊர் பஸ் ஏறினாளோ என்று பெரியப்பா கத்தியிருக்கிறார். கூப்பிட்டுக் கேட்க வீட்டில் டவரும் கிடையாது. அதற்குத்தான் மாதேஷ் எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னானாம்: "அவகிட்ட இருந்தா என்கிட்ட இருக்கறதைவிடப் பத்திரமா இருக்கும். அவளைத்தான் கட்டிக்கப் போறேன்."

தங்கம் திரும்பி வந்துவிட்டது. சொன்ன வார்த்தையை யார் திரும்ப எடுப்பது?

*

அன்று திரும்பிப் போக வண்டி இல்லை. இருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு வெந்நீர் வைத்து, களியும் கொள்ளுக் குழம்பும் போட்டு, புதுப் பாய் விரித்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தபோதும், வந்த வழிப்போக்கிக்கு ஒரு குறை வைக்கவில்லை. எங்கள் ஊரில் நாங்கள் உபசாரத்துக்குப் பேர்போனவர்கள் என்று பீற்றிக்கொள்வோம். இனிமேல் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

அந்தி சாய்கிற நேரத்தில் லட்சுமி அந்தப் பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க அவளைப் பாத்தீங்களாம்மா?" என்றாள்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

அழகை விசாரிக்கவில்லை என்று தெரிந்தது. நான் கண்டதை மட்டும் சொன்னேன். முன்பின் தெரியாத எனக்கு ஜன்னலோரத்தில் இடம்போட்டாள். தன் ஆளுக்கு அடுத்த சீட். என் பையை வீசினாள், உன் சீரை இறக்கி வைத்தாள். கையசைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு வாசல்வரை நடந்தாள்.

லட்சுமி பையைத் திறந்தாள். பட்டுப்பாவாடை ஒரு தலையணை உறைக்குள் இருந்தது, ஜரிகை எதிலும் மாட்டாமல் இருக்க. கம்மல் டப்பாவைச் சுற்றிப் பஞ்சு. அதற்குக் கீழே ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காய் எண்ணெய், மூடியில் பிளாஸ்டிக் கவர் கட்டி. குத்தினதும் குழந்தை அழுமே, அப்போது ஆட்ட ஒரு கிலுகிலுப்பை. லட்சுமிக்கு ஒரு ரவிக்கைத் துணி. முனிராஜுக்கு ஒரு வேட்டி. மாதேஷுக்கு, மடியில் குழந்தையோடு உட்காரும்போது போட, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சின்னப் பையில் இத்தனை இருந்தும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. காலமெல்லாம் மூட்டை கட்டியவள் நான். இப்படி எனக்குக் கட்ட வராது.

லட்சுமி அந்த எண்ணெய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் தம்பி அடுக்கின பை இல்லம்மா. அவன் துணியைப் பந்து மாதிரி சுருட்டித் திணிப்பான். இருபது வருசமா நான்தான் பிரிச்சு மடிக்கறேன்." கிலுகிலுப்பையைக் கையில் எடுத்தாள். "கொழந்தை அழும்னு யோசிச்சிருக்கா பாருங்க. நானே யோசிக்கல."

எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். "டேய் மாதேசு! வாடா இங்க!"

*

அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால்தான் போன் பேச முடியும். வெளிச்சம் முழுசாகப் போவதற்குள் லட்சுமி, மாதேஷ், முனிராஜ், நான் நால்வரும் ஏறினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டுமா என்ன? கீழே பெரியப்பா, "பொம்பளைங்க சொல்றதுதான் சட்டமா?" என்று முணுமுணுத்தார். "ஆமா பெரிப்பா" என்று லட்சுமி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

மாதேஷ் நம்பரைப் போட்டுக் கொடுத்தான். லட்சுமி போனை வாங்கினாள்.

"நான் மாதேசு அக்கா பேசறேன்... அழுவாத. எதுக்கு அழுவற? நாளைக்கு எங்க பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்தரை மணிக்குள்ள. மொத வண்டியப் புடிச்சு வந்துடு... என்னது? நைட்டு டூட்டியா? கேட்டுக்கினு சீக்கிரம் கெளம்பு. இன்னொண்ணு, எதையும் வாங்கிக்கினு, எடுத்துக்கினு வராத. நீ கட்டின பையே போதும். கைய வீசிக்கினு வா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புருஷனிடம், "நீங்க இப்பவே வண்டி எடுத்துக்கினு அஞ்செட்டிக்குப் போங்க. அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. நாளைக்கு நாலு பேர் முன்னாடி அவரை அவமானப்படுத்தக் கூடாது" என்றாள். முனிராஜ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பாறையைவிட்டு இறங்கினார். எனக்கு அந்த மனுஷனையும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை. பந்தலில் பாட்டு அலறியது. ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். மாதேஷ் வெள்ளைச் சட்டையில், ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பேருந்து வந்து, கேட்காமலே வீட்டு வாசலில் நின்றது. அதே கண்டக்டர். படியில் நின்று எனக்கு ஒரு சலாம் வைத்தார்.

செல்வி இறங்கினாள். கம்பெனி யூனிஃபார்மிலேயே இருந்தாள். மாற்று உடை எடுக்க ரூமுக்குப் போனால் முதல் வண்டி போய்விடும் என்று ஷிஃப்டிலிருந்து நேராக ஓடிவந்திருக்கிறாள். கையில் பை இல்லை. பூ இல்லை, பழம் இல்லை. அக்கா சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள். ஆனால் பந்தல் முழுக்கக் கண்கள் அவள் மேல் விழுந்ததும், அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். கோர்த்தாள், பிரித்தாள், பின்னால் கட்டினாள். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து நிற்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே வாழ்நாளெல்லாம் மூட்டை கட்டுகிறேன்!

லட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். இடுப்பில் இருந்த குழந்தையைத் தூக்கி, செல்வியின் கையில் கொடுத்தாள்.

"புடி. மாமன் மடியில நீயே கொண்டு போய் உக்கார வை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் துண்டில்தான் துடைத்துக்கொண்டேன். அவரும் அதே துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

யூனிஃபார்மில் எப்படி விசேஷத்தில் நிற்பது என்று செல்வி தயங்கினாள். லட்சுமி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்தச் சுடிதாரைக் குடுங்க." கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. லட்சுமி தன் ரவிக்கையிலிருந்து இரண்டு ஊக்கை எடுத்துக் குத்திச் சரிசெய்தாள். மஞ்சள் நிறம் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பொருத்தம். குழந்தை வீறிட்டு அழுதது, கிலுகிலுப்பை ஆடியது, தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மூடியைச் செல்வியே திறந்தாள்.

*

பிற்பகல் இரண்டு மணிக்கு ஓசூர் பேருந்து. செல்வி என் பையை வாங்கி ஜன்னல் வழியாக இடம்போட்டாள். இந்தத் தடவை இறக்கி வைத்தாள். ஒரு மூட்டை கேழ்வரகும் அரை மூட்டை கொள்ளும் ஏற்ற வந்த லட்சுமியைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். எனக்குப் பந்தயம் இருக்கிறது. கடைசியில் ஒரு கைப்பிடிக் கொள்ளுக்குச் சம்மதித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். காடு, பரண், அஞ்செட்டி வடை, பசுமைக்குடில் எல்லாம் திரும்பி வந்தன. நேற்றுப் பையை அணைத்துக்கொண்டு வந்தபோது கண்ணில் படாத காட்டை நன்றாக ரசித்தேன். அருவியில் குளிக்கவில்லை என்பது மத்திகிரி நெருங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வித்யா வாசலிலேயே பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லையே, போனதைவிட லேசா இருக்கே!" என்று ஜிப்பைத் திறந்தாள். நைட்டி, துண்டு, பல் துலக்கும் சாமான்.

"என் மஞ்சள் சுடிதார் எங்கம்மா?"

"அது செல்வியோடது" என்றேன்.

"யாரு செல்வி?"